ரெய்னோ பார்த்த பித்தளை

வலது கையில் பத்துப் பன்னிரண்டு கூடுகளை அள்ளிக் காதோரம் கொண்டுபோய் ஒரு குலுக்கு. இன்னொரு குலுக்கு. ரெய்னோ ஹவுதலாவின் தலை கொஞ்சம் சாய்கிறது, வாய் லேசாகத் திறந்துகொள்கிறது. மூன்றாவது குலுக்கலில் கூட்டத்துக்குள் எங்கோ ஒரு மட்டமான ஓசை. சலங்கையில் ஒரு மணி மட்டும் உடைந்திருந்தால் கேட்குமே, அப்படி. கையை விரித்து ஒவ்வொன்றாக மேசையில் போடுகிறார். ஆறாவது விழும்போது, "நீதானா அது?" என்கிறார். அதன் வாயோரம் மயிரிழை விரிசல். குறட்டால் அதை நசுக்கித் தட்டையாக்கிப் பழைய பெயிண்ட் வாளியில் எறிகிறார். நசுக்காமல் எறிந்ததே இல்லை. "சும்மா போட்டா திரும்பி வந்துரும் சனியன். எவன் துப்பாக்கிலயாவது போயி உக்காந்துக்கும்."

கைத்துப்பாக்கியால் சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். மிஞ்சுவது சுண்டுவிரல் நுனியளவு பித்தளைக் கூடு. மேல் மிச்சிகனில், பெரிய ஏரிக்குத் தெற்கே உள்ள இந்தத் துப்பாக்கி கிளப்பில் அதைக் குப்பை என்று யாரும் நினைப்பதில்லை. கழுவி, அளவுக்கு அழுத்தி, அடியில் தீப்பொறி தரும் புதுப் பொட்டு வைத்து, மருந்தும் குண்டும் அடைத்தால் மறுபடியும் தோட்டா. அடைக்க யாரும் கற்றுக்கொள்ளலாம். எந்தக் கூட்டை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதுதான் எல்லாருக்கும் வராது. ரெய்னோவுக்கு வரும். காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் ஓடுகிற தாளில் ஓட்டை தேடியவர். வயது எழுபத்தொன்று. கிளப்பில் பெயர் 'செக்போஸ்ட்'.

போட்டி முடிந்து மற்றவர்கள் பாஸ்டி என்கிற இறைச்சி அடைத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டு மரத்தடிக்குப் போகும்போது இவர் மட்டும் சரளைக்கல்லில் மண்டியிடுவார். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளும் நுரை மெத்தைத் துண்டு ஒன்று வைத்திருக்கிறார். கொட்டை பொறுக்கும் கம்பி உருளையைத் தரையில் ஓட்டினால் அரை நிமிடத்தில் கூடுகளெல்லாம் அதற்குள் ஏறிவிடும். இவருக்கு அது ஆகாது. "அது பொறுக்கல, வாருது. பொறுக்கறதுன்னா ஒண்ணொண்ணையும் தொடணும்." துப்பாக்கி பழுது பார்க்கும் டேல் மரத்தடியிலிருந்து கத்துவார்: "யோவ் செக்போஸ்ட்! பிரார்த்தனை முடிஞ்சுதா? உன் பாஸ்டிய நாய் மோந்து பாக்குது!"

"அதுவாவது பாத்துட்டுத் திங்குதே. நீ பாக்காமலே திங்கறவன்."

வீட்டில் இவருக்குப் பணியிடம் சாப்பாட்டு மேசை. பணியாரச் சட்டிபோலக் குழி குழியாக இருக்கும் கேக் தட்டு ஒன்றில் குழிக்கு ஒரு முத்திரையாகக் கூடுகளைப் பிரித்துப் போடுவார். கூட்டின் அடியில் வட்டமாகப் பொறித்திருக்கும் கம்பெனி எழுத்துதான் முத்திரை. இந்தக் கம்பெனிப் பித்தளை மெத்து, நாலு தடவை தாங்காது. இது கெட்டி, பத்துத் தடவை வரும். இது பித்தளையே இல்லை, இரும்புக்கு மேல் பூச்சு. காந்தத்தில் ஒட்டினால் வாளிக்குத்தான். அவர் மனைவி ஐலீன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "இந்த வீட்ல கேக் சுட்டு பதினோரு வருஷம் ஆச்சு. கேட்டா, தட்டு வேலையா இருக்குங்கறார்."

அதோடு, நெற்றி விளக்கு. சுரங்கத் தொழிலாளிபோல அதைக் கட்டிக்கொண்டு, கூட்டின் வாயை மேலே திருப்பி, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். "உள்ள பாக்காம உள்ள விடாதே" என்பது அவர் வாயில் இருமலைப்போல வந்துகொண்டேயிருக்கும். காரணம் உண்டு. சில கூடுகளின் சுவர் உள்பக்கம் பாதி ஆழம்வரை தடித்து, அங்கே ஒரு படிக்கட்டுபோல முடிந்திருக்கும். வெளியே பார்த்தால் மற்றதைப்போலவேதான். முதல் தடவை ஒன்றும் செய்யாது. மறுபடி அடைத்தால், உள்ளே இடம் குறைவு என்பதால் அதே மருந்து கூடுதலாக நெருக்கும். சுவர் அந்தப் படியிலேயே வெட்டுப்பட்டதுபோல அறுந்துவிடும். கையில் பிடித்திருக்கிறவர் பாடு அதற்குப்பிறகு அதிர்ஷ்டம்தான்.

அவர் பார்த்துத் தேர்ந்த கூடுகள் கிளப் அலமாரியில் ஆறு காபி டின்களில் நிற்கும். யாரோ பட்டை ஒட்டி எழுதியிருக்கிறார்கள்: 'ரெய்னோ பார்த்தது'. வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம். அலமாரிக்கு மேலேயே பலகையில் கிளப்பின் பழைய விதி: ஒருவர் அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடக் கூடாது. அண்ணன் தம்பியானாலும் கூடாது. அந்த விதிக்குக் கிளப்பில் ஒரே ஒரு விலக்கு. அது பலகையில் இல்லை, எல்லார் மனதிலும் இருந்தது.

மார்ச் மாதம் அவர் தனியாக எண்பது மைல் ஓட்டிப்போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். போகும்போது சாலையின் மஞ்சள் கோடு நடுவில் வளைந்து தெரிந்தது. வரும்போது அதற்குப் பெயர் தெரிந்திருந்தது. கண்ணின் நடுப்பகுதி தேய்கிறது. ஓரத்தில் எல்லாம் தெரியும், எதை நேராகப் பார்க்கிறாரோ அங்கே மட்டும் ஈரவிரலால் அழித்ததுபோல ஒரு மங்கல். டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் காரின் முன்பெட்டியிலேயே பூட்டி வைத்தார். "என்ன சொன்னான்?" என்றாள் ஐலீன். "பழைய கண்ணாடியே போதும்னான்."

அதற்குப்பிறகுதான் காது. முன்பும் குலுக்குவார், அது பாதி விளையாட்டு. இப்போது அதுதான் முழுச் சோதனை. விரிசலைக் காது சொல்லிவிடும். எழுத்தைச் சொல்லாது, அதை நிறத்தையும் எடையையும் வைத்து ஊகித்துக் குழியில் போட்டார். உள்ளே இருக்கும் படியையும் காது சொல்லாது. முனை வளைத்த ஒரு கம்பியை விட்டுத் தடவினால் தெரிந்துவிடும், ஒரு கூட்டுக்கு இரண்டு நொடி. ஆனால் கம்பியை எடுத்தால் ஐலீன் எதற்கு என்று கேட்பாள். அதனால் நெற்றி விளக்கை எப்போதும்போல எரியவிட்டு, கூட்டை எப்போதும்போல உயர்த்தி, எப்போதும்போல ஒரு நொடி நிறுத்தி, இறக்கினார். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்வரை அப்படி எத்தனை ஆயிரம் தடவை நிறுத்தி இறக்கினார் என்று அவருக்கே தெரியாது.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, கடைசிச் சுற்று. தபால் பட்டுவாடா செய்யும் மார்லிஸ் கின்னுனெனுக்கு எட்டுத் தோட்டா குறைந்தது. ஐம்பத்து நான்கு வயது. கணவன் கோர்டி இறந்தபிறகு அவன் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வருகிறவள்.

"ரெய்னோ, உங்களுதுல ஒரு எட்டு குடுங்களேன்."

"பலகையப் படிம்மா."

"படிச்சாச்சு. உங்க பேரு அதுல இல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். டேல்கூட, "குடுய்யா, ரெய்னோ பாத்த பித்தளைக்கு விதி கெடையாது" என்றார். ரெய்னோ கொடுத்தார். அந்த நொடியில் அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அதிகம் கூசினார்.

ஐந்தாவது வேட்டு சரியான ஓசையில் இல்லை. துணி கிழிவதுபோல் இருந்தது. துப்பாக்கியின் அடியிலிருந்து தோட்டாப் பெட்டி பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. கைப்பிடி மரம் பிளந்தது. மார்லிஸ் ரத்தம் வழிகிற கட்டைவிரலை மறுகையால் பொத்திக்கொண்டு சரளையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஓடிப்போய் அவளருகில் மண்டியிட்டவர் ரெய்னோ. "பாத்து, பாத்து, மெதுவா" என்றார். ஒரு கை அவள் தோளில் இருந்தது. மறுகை தரையில் துழாவியது. கண்ணுக்குத் தெரியாததை உள்ளங்கை கண்டுபிடித்தது. சுட்ட பித்தளையின் சூட்டை அந்தக் கைக்குத் தெரியும். பாதிக் கூடு. அடிப்பாகம் மட்டும். தன்னுடைய கூடு கூட்டத்தில் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் அடியில் ஒரு நிறக் கோடு போட்டுக்கொள்வார்கள். ரெய்னோவின் நிறம் பச்சை. அந்தப் பாதியைக் கால்சட்டைப் பையில் போட்டார். தொடையைச் சுட்டது. அசையவில்லை.

மற்றப் பாதி குழாய்போலத் துப்பாக்கிக்குள்ளேயே சிக்கியிருந்தது. டேல் அதை அங்கேயே எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். "பழைய துப்பாக்கி. பூட்டு சரியா விழறதுக்கு முன்னாடியே வெடிச்சிருக்கும்னு தோணுது. அடிப்பாகம் கெடச்சா அடிச்சுச் சொல்லிருவேன்."

"தோட்டா தகராறா இருக்குமோ?" என்று யாரோ இழுத்தார்.

மார்லிஸ், கட்டுப்போட்டுக்கொண்டிருந்த கையை உதறி நிமிர்ந்தாள். "ரெய்னோ பாத்ததுங்க அது. வாய அலம்பிட்டுப் பேசுங்க."

பிறகு பதினான்கு பேர் வரிசையாக நின்று சரளையில் அடிப்பாகத்தைத் தேடினார்கள். ரெய்னோவும் நுரை மெத்தையைப் போட்டு மண்டியிட்டுத் தேடினார். இருபது நிமிடம். கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் டேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "செக்போஸ்ட்டுக்கே கெடைக்கலன்னா அது இங்க இல்லப்பா" என்று தேடலை முடித்துவைத்தார்.

அந்த வாரம் முழுக்கப் பைக்குள் கைவிட்டு, அறுந்த விளிம்பை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். கந்தலாகக் கிழியவில்லை. வட்டமாக, சுத்தமாக, படியோடு அறுந்திருந்தது. கண்ணே வேண்டியதில்லை, நகத்துக்கே தெரிந்தது. கழற்றிப்போட்ட கால்சட்டையிலிருந்து மாற்றிக்கொண்ட கால்சட்டைக்கு அது ஒவ்வொரு நாளும் இடம் மாறியது.

வியாழக்கிழமை மார்லிஸ் கடிதம் கொடுக்க வந்தாள். கையில் நான்கு தையல். "சனிக்கிழமை போட்டி முடிஞ்சதும் டேல் அந்தத் துப்பாக்கிய அறுத்துப் போட்டுர்றேன்னார். விக்க மனசு வரல, இன்னொருத்தர் கையில வெடிச்சா? கோர்டிதான் கோவிச்சுக்குவான்." சிரிக்கப் பார்த்தாள். "நல்லவேளை உங்க தோட்டாவா இருந்துச்சு ரெய்னோ. கடைத் தோட்டாவா இருந்தா, அதுவா இதுவான்னு மண்டையப் பிச்சிட்டிருப்பேன்."

ரெய்னோ மின்சார பில்லை வாங்கிக்கொண்டார். "விரலு எப்டிம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளப்புக்குப் போனார். யாருமில்லை. டின்களைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவது, எல்லாவற்றையும் நசுக்கிவிடுவது, கேட்டால் களிம்பு பிடித்துவிட்டது என்று சொல்வது. காரில் வரும்போது இந்தத் திட்டமெல்லாம் ஒழுங்காக இருந்தது. அலமாரியில் கைவைத்தார். ஆறு டின்களில் இரண்டு காலி. யாரோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் என்று எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. ரெய்னோ பார்த்த பித்தளைக்கு எதற்கு எழுத்து?

பெஞ்சில் உட்கார்ந்தார். காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி முனையை வளைத்தார். மூன்றாவது டின்னிலிருந்து எடுத்துக் கம்பியை விட்டுத் தடவினார். வழுக்கு, வழுக்கு, வழுக்கு. ஒன்பதாவதில் கம்பி 'டக்' என்று நின்றது. நாற்பது கூடு பார்ப்பதற்குள் மூன்று தடவை நின்றது. காலியான இரண்டு டின்களையும் மடியில் கவிழ்த்துத் தட்டினார், ஏதாவது மிச்சம் இருக்குமென்பதுபோல. கொஞ்சம் தூசி விழுந்தது.

அன்று மாலை, பாத்திரம் காயவைக்கும் இடத்தில் கழுவித் துடைத்த கேக் தட்டைப் பார்த்தாள் ஐலீன். 

"யாரு செத்தா?"

"கண்ணு," என்றார் ரெய்னோ.

அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். "அது எனக்கு ஏப்ரல்லயே தெரியும். காபிய கோப்பைக்கு வெளிய ஊத்திட்டு, மேசை ஆடுதுன்னு சொன்னீங்களே. வேற என்ன?"

வேற என்ன என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு மணிநேரம் ஆயிற்று.

சனிக்கிழமை காலை கிளப்பில் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. ஐலீன்தான் காரோட்டி வந்தாள். கேட்டவர்களிடம் "எனக்கும் காத்து வாங்கணும்ல?" என்றாள். கோர்டியின் துப்பாக்கி டேலின் மேசையில், ஒரு துணிமேல், இரும்பு வெட்டும் காஸ் டார்ச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. ரெய்னோ அலமாரியிலிருந்து நான்கு டின்களையும் எடுத்து நீள மேசையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். அந்தச் சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். கூடுகள் உருண்டு சில தரையில் விழுந்தன. அவர் குனிந்து பொறுக்கவில்லை. அதுவே அவர்களுக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"என்னய்யா, கண்காட்சியா?" என்றார் டேல்.

ரெய்னோ பையில் கைவிட்டு, அடிப்பாகத்தை எடுத்து, துப்பாக்கிக்குப் பக்கத்தில் துணியின்மேல் வைத்தார். பச்சைக் கோடு மேலே தெரிகிற மாதிரி.

"மார்ச்சுலேருந்து எனக்கு உள்ள தெரியல," என்றார். பின்லாந்துக்காரர்களின் பேரன், நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் மூச்சு வாங்கும் வம்சம். "பாக்கற மாதிரி பாத்தேன். ரெண்டு டின்னுல இருந்தத யாரோ எடுத்துட்டுப் போயிருக்கீங்க. அடைக்காதீங்க. அடைச்சிருந்தா சுடாதீங்க. அந்தத் துப்பாக்கில ஒண்ணுமில்ல டேல். அது நல்ல துப்பாக்கி."

டேல் அந்தத் துண்டை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். வாயைத் திறந்தார், ஏதோ கிண்டல் வருமென்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெதுவாக, "ஒரு டின்னு என்கிட்ட இருக்கு. இன்னும் தொடல" என்றார். இன்னொரு குரல்: "ஒண்ணு நான். நேத்துதான் நூறு அடைச்சேன். என் பொண்ணுக்கு." அந்த ஆள் உடனே கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சரளையில் டயர் திரும்பும் ஒலி கேட்டது.

மார்லிஸ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்திருந்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"அன்னிக்கே."

"அன்னிக்கு எப்ப?"

ரெய்னோவின் கண்கள் அவளை நேராகப் பார்த்தன. அதனால் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. "நீ விரலப் புடிச்சிட்டு உக்காந்திருந்தப்ப."

அவள் கட்டுப்போட்ட கையை இறக்கினாள்.

"நீங்க எனக்காக மண்டி போட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "அக்காவுக்கு ஃபோன் பண்ணி அதச் சொன்னேன். கோர்டி போனதுக்கப்புறம் எனக்காக ஒரு மனுசன் அப்படி ஓடி வந்து மண்டி போட்டதே இல்லன்னு சொன்னேன்."

காபிப் பாத்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள். ஐலீன் வாசலில் நின்று தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் துணியை நான்கு மூலையும் சேர்த்து மடித்துத் துப்பாக்கியைத் தன் பையில் வைத்தாள். போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஜிப்பை இழுத்தாள். ஒற்றைக் கையால் பெஞ்சை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"லைட்டக் குடுங்க."

ரெய்னோ நெற்றி விளக்கைக் கழற்றிக் கொடுத்தார். ஆறு மாதமாகச் சும்மா எரிந்த விளக்கு. அவள் அதைக் கட்டிக்கொண்டு, குவியலிலிருந்து ஒரு கூட்டை எடுத்து உள்ளே பார்த்தாள். வைத்தாள். இன்னொன்று. டேல் எதிரே வந்து உட்கார்ந்து, குறட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.  பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, மார்லிஸ் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, பத்து வருடப் பழக்கத்தில் யோசிக்காமல், அதை ரெய்னோவிடம் நீட்டினாள்.

"இது படியா, இல்லையா?"

வாங்கிக்கொண்டார். கை தானாகக் காதை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் கையை இறக்கி, கூட்டின் வாயை அவள் பக்கம் திருப்பி, அவளிடமே நீட்டினார்.